ஒன்றேகால் பவுன் காரீயம்

துப்பறியும் கதைகளைப் படித்து வளர்ந்த தமிழ் வாசகருக்கு ரிவால்வர் புதிய பொருளன்று. தமிழ்வாணனின் சங்கர்லால் காலம் தொட்டு மாத நாவல்களின் அட்டைப்படங்கள் வரை எத்தனையோ கைகளில் அதைப் பார்த்திருக்கிறோம். ஆனால் அந்த ரிவால்வருக்குள் என்ன தோட்டா இருந்தது என்று எந்தக் கதையும் சொன்னதாக எங்களுக்கு நினைவில்லை. 'டுமீல்' என்ற ஒற்றைச் சொல்லோடு வேலை முடிந்துவிடும். ஆறு குண்டு கொள்ளும் துப்பாக்கியில் ஏழாவது முறை சுட்ட கதாநாயகர்களும் உண்டு. அவர்களையும் பெருந்தன்மையோடு மன்னித்தே படித்திருக்கிறோம். எங்கள் அறுபதுகளில், டெக்சஸ் மலைநாட்டில் ஒரு சமையலறை மேசையின் முன் அமர்ந்து, அந்தக் கதைகள் சொல்லாமல் விட்ட கேள்விக்கு விடை தேட நேரும் என்று நாங்கள் இருவரும் எதிர்பார்த்திருக்கவில்லை.

காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ஓய்வுபெற்ற பின் நகரத்தை விட்டு விலகி, ஓக் மரங்களும் சுண்ணாம்புப் பாறையுமாகக் கிடக்கும் ஒரு நிலத்தில் குடியேறினோம். அவசர எண்ணை அழைத்தால் ஷெரீப்பின் வண்டி வந்து சேர அரை மணி ஆகும். மழைநாளில் ஓடை பெருகிவிட்டால் அதுவும் நிச்சயமில்லை. எங்கள் சாலையின் மறுகோடியில் தனியே வசித்த மூதாட்டியின் வீட்டில் ஒரு பின்னிரவில் இருவர் புகுந்தார்கள். அவர் உயிர் பிழைத்தார். ஆனால் அந்த வீட்டில் அதன்பின் அவர் ஒருநாளும் தங்கவில்லை. அந்த வாரம் எங்கள் வீட்டில் நிகழ்ந்த விவாதங்களை இங்கே எழுதப்போவதில்லை. துப்பாக்கி வீட்டுக்குள் வரக்கூடாது என்பதற்கான காரணங்கள் அனைத்தையும் நாங்களே ஒருவர்மீது ஒருவர் எறிந்துகொண்டோம். அவற்றில் பல இன்றும் சரியானவை என்றே கருதுகிறோம். முடிவில் ஒன்று வாங்கினோம். டெக்சஸில் 2021 செப்டம்பர் முதல், தகுதியுள்ள வயதுவந்தோர் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை உடன் வைத்திருக்கலாம் என்று சட்டம் ஆகிவிட்டது. எனினும் நாங்கள் வகுப்புக்குப் போனோம், உரிமமும் பெற்றோம். கற்பித்தவர் காவல்துறையில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெண்மணி. அதிகம் பேசாதவர். பேசியவற்றில் ஒன்று: "துப்பாக்கியைத் தேர்வது ஒரு பிற்பகல் வேலை. உள்ளே என்ன போடுவது என்பதற்கு ஒரு மாதம் ஒதுக்குங்கள்."

வாங்கியது மொண்ணைமூக்கு ரிவால்வர். குழல் இரண்டு அங்குலத்துக்கும் சற்றுக் குறைவு. ஐந்து தோட்டா கொள்ளும். சட்டகம் அலுமினியக் கலவை. மொத்த எடை 400 கிராமை ஒட்டி. சுத்தியல் வெளியே தெரியாமல் மூடப்பட்டிருப்பதால் சட்டைப்பையிலோ கைப்பையிலோ சிக்காது. இந்தக் குடும்பத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. கோல்ட் நிறுவனம் 1927இல் 'டிடெக்டிவ் ஸ்பெஷல்' என்ற ஆறுகுண்டு ரிவால்வரைக் கொண்டுவந்தது. அமெரிக்கத் திரைப்படத் துப்பறிவாளர்களின் மழைக்கோட்டுக்குள் இருந்தது பெரும்பாலும் அதுவே. ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனம் 1950இல் அதைவிடச் சிறிய ஐந்துகுண்டு ரிவால்வரைக் காவல்துறைத் தலைவர்களின் மாநாட்டில் காட்டியபோது, அதற்கு 'சீஃப்ஸ் ஸ்பெஷல்' என்ற பெயர் அமைந்தது. எஃகால் ஆன அது 550 கிராம் எடை. அதன் சட்டகத்தை அலுமினியமாக்கி 'ஏர்வெயிட்' என்று அழைத்தார்கள். 1950களில் அமெரிக்க விமானப்படைக்காகச் சுழலறையையும் அலுமினியத்தில் செய்து பார்த்தார்கள், அது தாங்கவில்லை. படை அவற்றில் பெரும்பாலானவற்றைத் திரும்பப் பெற்று அழித்துவிட்டது. எடையைக் குறைப்பதற்கு ஓர் எல்லை உண்டு என்பதற்கு அது முதல் பாடம்.

இரண்டாம் பாடம் நம் கைக்கு. ஒரே தோட்டாவை ஒரு கிலோ எடையுள்ள ரிவால்வரிலும் 400 கிராம் ரிவால்வரிலும் சுட்டால், பின்னுதைப்பின் ஆற்றல் இரண்டாவதில் இரண்டரை மடங்கு. நியூட்டனிடம் சலுகை கிடையாது. சுமப்பதற்கு இலகுவான துப்பாக்கி சுடுவதற்குக் கொடியது. நாள் முழுதும் சுமப்பவர் மகிழ்வார், ஐந்து குண்டு சுடுபவர் கையை உதறுவார். எங்களில் ஒருவருக்குக் கட்டைவிரல் மூட்டில் தேய்மானம் உண்டு. ஆகவே தோட்டாவைத் தேர்வது என்பது எங்கள் வீட்டில் பாதி மருத்துவப் பிரச்சினையாகவே தொடங்கியது.

இங்கே சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் குண்டு என்றும் தோட்டா என்றும் மாற்றி மாற்றிச் சொல்லிவிடுகிறோம். தோட்டா என்பது முழுப்பொருள்: பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பற்றவைக்கும் மூடி, உள்ளே மருந்து, வாயில் பொருத்திய குண்டு. பறந்து போவது குண்டு மட்டும். ஈழத்து நண்பர்கள் ரவை என்றும் சன்னம் என்றும் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவர்கள் அந்தச் சொற்களை அகராதியில் கற்கவில்லை என்பதால், அவர்கள் முன்னிலையில் இந்தப் பேச்சை நாங்கள் எடுப்பதில்லை. குண்டின் எடையை அமெரிக்கர்கள் 'கிரெய்ன்' என்ற அளவில் சொல்கிறார்கள். பழைய ஐரோப்பியத் தானிய மணியின் எடை அது, ஒரு பவுண்டுக்கு 7000. நம் பொற்கொல்லர்கள் குன்றிமணியில் நிறுத்ததைப் போன்றது. முப்பத்தெட்டு ஸ்பெஷல் தோட்டாவின் மரபான குண்டு 158 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 10.2 கிராம். நகைக்கடைக் கணக்கில் ஒன்றேகால் பவுனுக்குச் சற்று மேல். பொன்னுக்குப் பதில் காரீயம்.

முப்பத்தெட்டு ஸ்பெஷல் என்ற பெயரே ஒரு பொய். குண்டின் விட்டம் 0.357 அங்குலம், முப்பத்தெட்டு என்பது பழைய காலக் கூட்டின் வெளிவிட்டத்திலிருந்து ஒட்டிக்கொண்ட எண். பிலிப்பைன்ஸ் போரில் அமெரிக்கப் படையின் பழைய 38 தோட்டா போதாது என்ற புகார்கள் கிளம்பிய காலத்தில், 1890களின் இறுதியில், ஸ்மித் அண்ட் வெஸன் உருவாக்கியது இது. கரிமருந்துக்காக அமைந்ததால் கூடு நீளம். பின்னர் புகையற்ற மருந்து வந்தபோது கூட்டின் பெரும்பகுதி காலியாகவே நின்றது. நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தக் காலி இடத்தோடுதான் விற்கிறார்கள். இதன் அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு. 'பிளஸ் பி' என்ற குறியோடு வருபவற்றுக்கு 20,000. இன்றைய ஏர்வெயிட்கள் பிளஸ் பியைத் தாங்கும். நாம் தாங்குவோமா என்பது வேறு.

கடையில் இந்த ஒரு தோட்டாவுக்கே ஒரு சுவர் இருந்தது. 110 கிரெய்ன், 125, 130, 135, 148, 158. வட்டமுனை, குழிமுனை, தட்டைமுனை. சாதாரணம், பிளஸ் பி. விற்பவர் ஒவ்வொன்றுக்கும் ஒரு புராணம் வைத்திருந்தார். இவற்றில் பெரும்புகழ் பெற்றது குழிமுனை. குண்டின் மூக்கில் ஒரு குழி. உடலுக்குள் நுழைந்ததும் ஈரமான திசு அந்தக் குழியை நிரப்பி, உலோகத்தைப் பூ விரிவதுபோல் விரித்துவிடும். விரிந்த குண்டு அகன்ற காயம் செய்யும், விரைவில் நின்றும்விடும். விளம்பரப் படங்களில் அதைக் கறுத்த உலோகத் தாமரைபோல அழகாகக் காட்டுகிறார்கள். அந்த அழகு எங்களை உறுத்தியது.

அந்தத் தாமரையின் வேர் நம் பக்கத்தில் இருக்கிறது என்பது எத்தனை பேருக்கு நினைவிருக்கும் என்று தெரியவில்லை. கல்கத்தாவுக்கு அருகே உள்ள டம்டம். இன்று விமான நிலையத்தால் அறியப்படும் ஊர். அங்கிருந்த ஆயுதச்சாலையில் 1890களின் நடுப்பகுதியில் பெர்ட்டி கிளே என்ற அதிகாரி, துப்பாக்கிக் குண்டின் மூக்கில் இருக்கும் உலோக உறையை நீக்கி, ஈயம் வெளித்தெரியும்படி செய்தார். வடமேற்கு எல்லைப்புறத்தில் பழங்குடியினரோடு போரிட்ட பிரித்தானியப் படை, தன் புதிய குண்டுகள் மனிதனை ஊடுருவிச் சென்றும் அவன் ஓடிவருவது நிற்கவில்லை என்று குறைபட்டுக்கொண்டிருந்த காலம். விரியும் குண்டு அதற்கான மருந்து. 1899இல் ஹேக் மாநாட்டில் ஐரோப்பிய நாடுகள் போரில் விரியும் குண்டுகளைத் தடைசெய்ய முற்பட்டபோது, பிரித்தானியப் பிரதிநிதி ஜான் ஆர்டாக் எதிர்த்து வாதாடினார். நாகரிக நாட்டுப் படைவீரன் அடிபட்டால் விலகிப் போவான், 'காட்டுமிராண்டி' விலகமாட்டான் என்பது வாதத்தின் சாரம். யாரைச் சொன்னார்கள் என்று விளக்க வேண்டியதில்லை. தடை நிறைவேறியது. பிரித்தானியா 1907இல்தான் அதை ஏற்றது. அமெரிக்கா அந்தப் பிரகடனத்தில் சேரவேயில்லை.

ஆக, போரில் கொடுமை என்று விலக்கப்பட்ட ஒன்று, காவலரின் இடுப்பிலும் குடிமகனின் படுக்கையறையிலும் பரிந்துரைக்கப்படுகிறது. இதை எங்களுக்குள் பலநாள் பேசினோம். முரண் என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. ஆனால் போர்க்களத்தில் குண்டு எதிரியைக் கடந்து போனால் அங்கே இருப்பது வெட்டவெளி, அல்லது இன்னோர் எதிரி. வீட்டில் அப்படியில்லை. மலம் கழிக்க எழுந்த பிள்ளை இருக்கலாம், தெருவில் போகிறவர் இருக்கலாம். குண்டு எங்கே நிற்கும் என்ற கேள்வியிலிருந்தே காவல்துறைகள் குழிமுனைக்கு வந்தன என்று எங்கள் ஆசிரியை சொன்னபோது, அந்த நியாயத்தைத் தள்ள முடியவில்லை. டம்டம்மையும் மறக்க முடியவில்லை.

குண்டு எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பதற்கு ஓர் எண் இருக்கிறது. அது ஒரு தோல்வியிலிருந்து பிறந்த எண். 1986 ஏப்ரல் 11ஆம் நாள் மயாமியில் எஃப்பிஐ அதிகாரிகள் எட்டுப் பேர் இரண்டு வங்கிக் கொள்ளையரை மறித்தார்கள். மைக்கேல் பிளாட் என்ற கொள்ளையனை ஓர் அதிகாரியின் 9 மில்லிமீட்டர் குழிமுனைக் குண்டு தொடக்கத்திலேயே தாக்கியது. வலது கையைத் துளைத்து, மார்புக்குள் நுழைந்து, செம்மையாக விரிந்து, இதயத்தைத் தொடாமல் நின்றுவிட்டது. பிழைக்க முடியாத காயம். ஆனால் அவன் அதன்பிறகும் சில நிமிடங்கள் சுட்டான். பெஞ்சமின் குரோகன், ஜெரால்ட் டவ் என்ற இரு அதிகாரிகள் இறந்தார்கள், ஐவர் காயமுற்றார்கள். அதன்பின் எஃப்பிஐ மருத்துவர்களையும் ஆய்வாளர்களையும் கூட்டிக் கேட்டது. வியட்நாமில் அறுவை மருத்துவராக இருந்து, பின் ராணுவத்தின் காய ஆய்வகத்தை நடத்திய மார்ட்டின் ஃபேக்லர் அவர்களில் முக்கியமானவர். பத்து விழுக்காடு ஜெலாட்டின் கரைசலைக் குளிர்வித்துக் கட்டியாக்கினால் அது தசையைப்போல் குண்டை எதிர்கொள்கிறது என்று காட்டியவர். குறைந்தது 12 அங்குலம், மிஞ்சினால் 18 என்ற வரம்பு அந்த வழியில் உருவானது. மார்பின் ஆழம் அவ்வளவு இல்லையே என்று தோன்றும். எதிரே நிற்பவர் கையை நீட்டிக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி நிற்பார் என்பதுதான் கணக்கு.

இந்த வரம்பை வைத்துக்கொண்டு மொண்ணைமூக்கிடம் வந்தால் சங்கடம் தொடங்குகிறது. குழிமுனை விரிய வேகம் வேண்டும். வேகத்துக்குக் குழல் நீளம் வேண்டும். நாலு அங்குலக் குழலில் கம்பீரமாக விரியும் குண்டு, இந்த இரண்டு அங்குலத்தில் மூச்சு வாங்குகிறது. ஜெலாட்டின் கட்டியின் முன் நான்கு மடிப்பு ஜீன்ஸ் துணியைத் தொங்கவிட்டுச் சுடுவது ஒரு வழக்கமான சோதனை. துணி குழிக்குள் அடைத்துக்கொள்ள, பல குண்டுகள் விரியாமலே போய்விடுகின்றன. 110 கிரெய்ன் போன்ற இலகு குண்டுகளில் சில விரிகின்றன, ஆனால் பன்னிரண்டு அங்குலத்துக்கு முன்பே களைத்துவிடுகின்றன. ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவுகிறது. பழைய காவலர்கள் நம்பியது 158 கிரெய்ன், உறையில்லாத மென்காரீயக் குழிமுனை, பிளஸ் பி. உறை இல்லாததால் குறைந்த வேகத்திலும் நெகிழும். ஸ்பியர் நிறுவனம் நியூயார்க் காவலர்களின் இரண்டு அங்குல ரிவால்வர்களை மனத்தில் வைத்து 135 கிரெய்னில் அகன்ற குழியோடு ஒன்றைச் செய்தது. குறுங்குழலுக்கென்றே வடித்த குண்டு. எங்கள் ஆசிரியை தம் பையில் வைத்திருப்பது இதைத்தான். ஒரு தோட்டா ஒரு டாலருக்கு மேல்.

இரண்டையும் வாங்கிச் சுடுதளத்துக்குப் போனோம். எங்களில் மூட்டுத் தேய்மானம் இல்லாதவர் ஐந்தையும் சுட்டு, உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டு, "பரவாயில்லை" என்றார். 'பரவாயில்லை' என்ற தமிழ்ச்சொல்லுக்கு எத்தனை பொருள் உண்டு என்று அப்போது மற்றவர் எண்ணிக்கொண்டிருந்தார். தம் முறை வந்ததும் அவர் மூன்று சுட்டார். நான்காவதற்கு விசையை இழுக்கும்போதே கண் மூடிக்கொண்டது. இலக்குத்தாளில் மூன்று துளைகள் மூன்று திசையில் இருந்தன. அடுத்த தடத்தில் ஒருவர் 340 கிராம் எடையுள்ள ரிவால்வரில் மேக்னம் தோட்டாக்களோடு போராடிக்கொண்டிருந்தார். நான்காவது சுடலில் அவருடைய சுழலறை சுற்றாமல் நின்றுவிட்டது. இலகுத் துப்பாக்கிக்கே உரிய நோய் இது: துப்பாக்கி வெடுக்கென்று பின்னால் பாயும்போது, மிச்சமிருக்கும் தோட்டாக்களின் கூடுகள் விளிம்பில் பிடிபட்டு அதனோடு பின்னே போகின்றன, உள்ளிருக்கும் கனமான குண்டு இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. ஒவ்வொரு உதைக்கும் இம்மியளவு வெளியே வந்து, கடைசியில் சுழலறையின் முன்புறம் நீட்டிக்கொண்டு சட்டகத்தில் முட்டுகிறது. ஆகவே வைத்துக்கொள்ளப்போகும் தோட்டாவை நான்கு சுட்டுவிட்டு, சுடாத ஐந்தாவதை எடுத்து அளந்து பார்க்க வேண்டும். இது பெட்டியில் அச்சிட்டிருக்கும் செய்தி இல்லை.

ஆசிரியை அப்போது தம் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தது 'வாட்கட்டர்'. 148 கிரெய்ன். முழுக் காரீயம். முனை என்பதே கிடையாது. கரும்பலகையில் எழுதித் தேய்ந்த சாக்கட்டித் துண்டுபோல் முன்புறம் தட்டை. கூட்டின் வாயோடு வாயாக அமிழ்ந்திருப்பதால், காலித் தோட்டா என்று நினைக்கத் தோன்றும். தாளில் சுத்தமான வட்டத் துளை விழ வேண்டும் என்பதற்காகப் போட்டிக்காரர்களுக்கென்று செய்தது. மருந்து குறைவு, வேகம் குறைவு, உதை குறைவு. ஆயுதக்காரர் உலகில் இதைத் தற்காப்புக்கு வைத்துக்கொள்வது நெடுங்காலம் கேலிக்குரியதாக இருந்தது. ஆனால் ஜெலாட்டினில் பன்னிரண்டு அங்குலத்தை எளிதாகக் கடக்கிறது. விரிவதாக அது எந்த வாக்குறுதியும் தருவதில்லை, எனவே துணி அடைத்து ஏமாற்றுவதற்கும் ஒன்றுமில்லை. தட்டை முகத்தின் கூரிய விளிம்பு வட்டமுனைபோல் திசுவை விலக்கிச் செல்லாமல் வெட்டிச் செல்கிறது. மூட்டுத் தேய்மானம் உள்ளவர் ஐந்தையும் சுட்டார். ஏழு கஜத்தில், ஐந்தும் ஒரு தோசைக்கரண்டி மறைக்கும் அளவுக்குள் விழுந்தன. மீண்டும் ஐந்து சுட்டார், கேட்காமலே.

தேர்வு அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் எங்கள் மகளின் மகள் கோடை விடுமுறைக்கு வருவாள். அவள் தூங்கும் அறைக்கும் நடைக்கும் நடுவே இருப்பது அமெரிக்க வீடுகளின் அந்தப் பரிதாபமான ஜிப்சம் சுவர், இருபுறமும் அரையங்குலப் பலகை, உள்ளே காற்று. வாட்கட்டர் அதை ஊடுருவும். குழிமுனை நின்றுவிடும் என்று கடைக்காரர் சொன்னது உண்மையில்லை: ஜிப்சம் தூள் குழியை அடைத்ததும் அது சாதாரணக் குண்டாகி, விரியாமல் அடுத்த சுவரையும் கடக்கிறது. மனித உடலில் பன்னிரண்டு அங்குலம் போக வல்ல எதுவும் இந்தச் சுவரில் நிற்காது. எந்தப் பெட்டியிலும் இதற்கு விடை இல்லை என்று தெரிந்தபின், விடையை வீட்டில் தேடினோம். படுக்கையறை வாயிலில் நின்று எந்தத் திசையில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பேத்தியின் கட்டிலை நடையின் நீட்சியிலிருந்து விலக்கி, கல் அடுப்பின் பின்னால் இருக்கும் அறைக்கு மாற்றினோம். நடையின் கோடியில், சுட நேர்ந்தால் குண்டு போகும் வழியில், எங்கள் தமிழ்ப் புத்தக அலமாரிகளை நெருக்கி வைத்தோம். தடித்த நாவல்கள் கீழ்த்தட்டில் இருந்து நெஞ்சு உயரத்துக்கு ஏறின. விமரிசகர்கள் மிகை என்று குறைசொன்ன ஆயிரம் பக்கங்களுக்கு இப்படி ஒரு பயன் வாய்க்கும் என்று அவற்றின் ஆசிரியர்கள் எண்ணியிருக்கமாட்டார்கள். ரிவால்வர் எண் பூட்டு உள்ள இரும்புப் பெட்டியில், பேத்தி இருக்கும் நாட்களிலும் இல்லாத நாட்களிலும்.

மாலை நடைக்குப் போகும்போது அது எங்களில் ஒருவரின் பையில் வரும். சுழலறையில் ஐந்து வாட்கட்டர். மாற்று ஐந்து மட்டும் வேறு. தட்டைமுகக் குண்டு, பதற்றத்தில் நடுங்கும் கையால் துளைக்குள் நுழைக்க முயலும்போது விளிம்பில் தட்டி நிற்கும். அதனால் ரப்பர் பட்டையில் செருகி வைத்திருப்பவை முனையுள்ள 158 கிரெய்ன், சாதாரண அழுத்தம். துப்பாக்கியின் நிலைக்குறியும் அந்த எடைக்கே அமைக்கப்பட்டது. இலகு குண்டுகள் சற்றுக் கீழே அடிக்கும். மாதம் ஒருமுறை சுடுதளத்துக்குப் போய், பையில் சுமந்த பழைய ஐந்தைச் சுட்டுவிட்டுப் புதியவற்றைப் போட்டுக்கொள்கிறோம். வியர்வையும் பஞ்சுத்தூசும் மருந்துக்கு நல்லதல்ல. போன மாதம் எங்களில் ஒருவர் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். மற்றவர் "தாலியின் எடை இவ்வளவு இருக்குமா?" என்று கேட்டார். "செயினைச் சேர்க்காமல்தானே? இராது," என்று பதில் வந்தது. பிறகு காதடைப்பானைப் போட்டுக்கொண்டோம்.